நாலு செகண்ட் பூவம்மா

பூவம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ஐம்பதைத் தாண்டியவர், முட்டி இரண்டும் போனவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசூனிலிருந்து ரயிலேறி வந்து கடைக்குள் கால் வைத்ததும், "பாய், இன்னைக்கு என்னால நிக்க முடியாது. உட்கார்ந்துதான் வேலை பார்ப்பேன்" என்பார். சொல்லிவிட்டு நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். உட்காருங்கள் அக்கா என்றால் முறைப்பார். சொல்லாவிட்டால், "இந்தக் கடையில ஒரு மனுஷிய உட்காருன்னு சொல்ல ஆளில்ல" என்று ஊருக்கே கேட்கும்படி முணுமுணுப்பார். இப்படி ஓர் ஆளை வைத்துக் கடை நடத்துகிறவன் நான்.

என் பெயர் இப்ராஹீம். சிங்கப்பூர் டன்லப் தெருவில், கடைகளுக்கு முன்னால் ஓடுகிற ஐந்தடிப்பாதையை ஒட்டி ஒரு போன் கடை வைத்திருக்கிறேன். கடை என்று சொல்வதே அதிகம். ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் நான் பழுது பார்க்கிற மேசை, மூலையில் குளிர்பானப் பெட்டி, நடுவில் ஒருவர் திரும்புகிற அளவுக்கு இடம். வாரநாளில் ஈ ஓட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சியிலிருந்தும் மற்றத் தொழிலாளர் விடுதிகளிலிருந்தும் நம் ஊர்த் தம்பிகள் வந்து இறங்கிவிட்டால் மூச்சு விட நேரமிருக்காது.

பூவம்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, கண் மட்டும் வெளியே தெரிய, நின்றபடியே இருபது வருடத்துக்கு மேல் வேலை. பிறகு தொழிற்சாலையைத் தூக்கி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "எல்லாத்தையும் கொண்டுபோனாங்க பாய், முட்டிவலிய மட்டும் எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டாங்க" என்பார். கணவர் பரமசிவம் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டியவர், பொத்தான் போடுமுன் விழுந்துவிட்டார். மகள் கவிப்ரியா அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் படிக்க வைக்க பூவம்மா கேன்டீனில் பாத்திரம் கழுவினார், அலுவலகம் கூட்டினார், கடைசியில் என் கடைக்கு வந்து சேர்ந்தார்.

பரமசிவம் போன அன்று பூவம்மாவின் நெற்றிப் பொட்டை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் இப்போது யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்? மகளே சொல்லிப் பார்த்தாள். "மா, ஜஸ்ட் வைம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, லா." பூவம்மா சொன்ன பதில் எனக்குத் தெரியும், என் முன்னால்தான் சொன்னார். "அதுக்குக் கண்ணாடி முன்னால நிக்கணும்டி. நிக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல." துக்கமும் இல்லை, சம்பிரதாயமும் இல்லை, வெறும் அலுப்பு. வெறும் நெற்றி அவருக்குப் பழகிவிட்டது. எங்கள் வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை என்பதால் எனக்கும் அது கண்ணில் பட்டதே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கவிழ்த்தது அதுதான்.

முதலில் அந்த நாலு செகண்ட் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் செய்தி அனுப்புகிற ஒரு செயலியில் புதிதாக ஒரு பொத்தான் வந்தது. ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், ஏஐ அதை நாலு செகண்ட் வீடியோவாக ஆக்கிவிடும். படத்தில் நிற்கிறவர் சிரிப்பார், கையாட்டுவார், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார். இதற்கு இணையம் வேண்டாம், போனே உள்ளுக்குள் வரைந்துவிடும் என்று விளம்பரம். புதுப் போனில் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். தம்பிகளிடம் இருப்பதோ சிமெண்ட் தூசி தின்று வளர்ந்த மலிவுப் போன். பொத்தானை அமுக்கியதும் அது கொதிக்கும், உறைந்து நிற்கும், செத்துவிடும். "பாய், கொஞ்சம் பாருங்க பாய்" என்று பிணத்தைக் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவருவார்கள்.

அந்தப் போன்களை ஓட வைக்கப் பூவம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே குவிந்து கிடக்கிற காலை வணக்கம், மாலை வணக்கம் எல்லாவற்றையும் அழிப்பார். மற்ற செயலிகளை மூடி, சிக்னலைத் துண்டித்து, மேலுறையைக் கழற்றுவார். தன் சாப்பாட்டு டப்பாவின் எவர்சில்வர் மூடியைக் குளிர்பானப் பெட்டியில் வைத்து எடுத்து, 'குட் மார்னிங்' என்று அச்சடித்த துண்டால் துடைத்து, அதன்மேல் போனைப் படுக்க வைத்து மேசை விசிறியைத் திருப்புவார். அந்தச் செயலியில் 'தெளிவு', 'வேகம்' என்று இரண்டு வகை உண்டு. 'தெளிவு' இந்தப் போன்களுக்குத் தாங்காது. 'வேகம்' என்று அமுக்கிவிட்டு, "ஓடு ராசா, ஓடு" என்று போனைத் தட்டிக்கொடுப்பார். அதுவும் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால், "நாலு செகண்ட் அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வரிசை நிற்கும். என் பெயர்ப் பலகையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

'வேகம்' என்றால் என்ன? படத்தைச் சுருக்கிக்கொண்டு, நாலைந்து இடத்தில் மட்டும் வரைந்து, நடுவில் உள்ளதை உத்தேசமாக நிரப்பிவிடும். அதில் சின்னச் சின்னதெல்லாம் கரைந்துபோகும். சட்டையில் உள்ள எழுத்து நெளியும். மச்சம் மறையும். ஒரு தம்பிக்கு ஆறு விரல் வந்தது. "நல்லதுதான்டா, ஓவர்டைம் பார்க்க வசதி" என்று பூவம்மா சொல்ல, வரிசையே சிரித்தது. கரைவது எல்லாம் இப்படிச் சிரிக்கிற விஷயமாகவே இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கோவிந்தராசு வந்த ஞாயிறும் அப்படித்தான் ஆரம்பித்தது. பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன், கட்டடத்தில் சாரம் கட்டுகிற வேலை. ராத்திரி வேலை முடித்து, கிராஞ்சி விடுதிக்குப் போய்ச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"அக்கா, இன்னைக்கு எம் பொண்டாட்டி திவ்யாவுக்கு வளைகாப்பு. நானும் அவளும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து சிரிக்கற மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்கக்கா. டிவியில போட்டு எல்லாருக்கும் காட்டறாங்களாம்."

"நீ ஏன்ப்பா போகல?"

"லீவு கேட்டேங்க்கா. பிள்ளை பொறந்ததும் சேர்த்துப் போயிட்டு வான்னுட்டாரு சூப்பர்வைசரு."

"வா இப்படி" என்று பூவம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தார். கடைச் சுவரோரம் அவனை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். "சிரி. இன்னும் கொஞ்சம். உன்னை யாரு அடிச்சது இப்படி மூஞ்சிய வெச்சிருக்க?" என்று அதட்டி, ஒருவழியாகப் பல் தெரியச் சிரிக்க வைத்தார். அவன் போனில் இருந்த திவ்யாவின் படத்தையும் சேர்த்தார். அதில் அவள் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கழுத்தில் தாலி, நெற்றியில் காசு அகலப் பொட்டு என்று முழு அலங்காரத்தில் இருந்தாள். முதல் தடவை போன் உறைந்தது. இரண்டாம் தடவை அணைந்தது. மூன்றாம் தடவை மூடியை மறுபடி குளிரவைத்து ஓடவிட்டதில் வீடியோ வந்தது. வந்ததுமே போனின் முதுகு உப்பிவிட்டது. பேட்டரி போயிற்று என்று எனக்குப் புரிந்தது. முழுதாகச் சாவதற்குள் பூவம்மா அந்த வீடியோவைக் கடைப் போனுக்கு இழுத்துவிட்டார். நானும் எட்டி ஒரு பார்வை பார்த்தேன், தப்பாக ஒன்றும் படவில்லை.

"பாருப்பா, சரியா இருக்கா?"

அவன் பார்த்தான். மனைவிக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்தான். வேறு எதைப் பார்க்கப் போகிறான்? "நல்லாருக்குக்கா" என்றான். மச்சான் திலீப்பின் நம்பரைச் சொன்னான். அது திவ்யாவின் தம்பி. பூவம்மா கடைப் போனிலிருந்தே அவனுக்கு அனுப்பினார். அடுத்தவன் போனை நீட்டிக்கொண்டு நின்றதால் யார் எவர் என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதவில்லை. உப்பிய போனை நான் வாங்கிக்கொண்டேன். "சாயங்காலம் வா, மாத்தி வைக்கறேன்" என்றேன். "எங்கயாவது போய்ப் படுக்கறேன் பாய்" என்று அவன் போனான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கடைப் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரே நம்பரிலிருந்து அடுக்கடுக்காகத் தவறிய அழைப்புகள். அந்த இரைச்சலில் எங்களுக்குக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடியோ அழைப்பாக மறுபடி அடித்தது. என் கையில் ஒருத்தனுடைய போன் திறந்து கிடந்ததால் பூவம்மாதான் எடுத்தார்.

எடுத்ததும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல். வாழை கட்டிய கூடம், பட்டுப்புடவைப் பெண்கள், நடுவில் அந்த வீட்டுப் பெரியவர் போல ஒரு கிழவியின் முகம். "ஐயோ, பொட்டில்லாதவ போன எடுக்கறாளே! போச்சே, எல்லாம் போச்சே!" என்று அந்த அம்மாள் மாரில் அடித்துக்கொண்டார். ஒரு பையன் போனைப் பிடுங்கிக்கொண்டு கத்தினான். அவன்தான் திலீப்.

"யாருங்க நீங்க? எங்க மாமா எங்க? அவர் நம்பர் ஆஃப்ல இருக்கு. எங்கக்காவ பொட்டு இல்லாம, தாலி இல்லாம படம் போட்டு எதுக்கு அனுப்பியிருக்கீங்க? என்னத்தச் சொல்ல வர்றீங்க? நேரா சொல்லித் தொலைங்க!"

பூவம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, அழைப்பை ஓரம் தள்ளி, அதே போனில் அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். கோவிந்தராசு சிரிக்கிறான், திரும்பி அவளைப் பார்க்கிறான். அவளும் சிரிக்கிறாள். நெற்றி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. தலைப்பூ கூந்தலோடு கலந்து காணாமல் போயிருந்தது. பட்டுப்புடவை மட்டும் அப்படியே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை உயரத்தில் ஏறி வேலை செய்கிறவன். முன்பின் தெரியாத சிங்கப்பூர் நம்பரிலிருந்து, ஒரு வார்த்தை இல்லாமல், அவன் மனைவியைத் தாலியறுத்த கோலத்தில் காட்டி ஒரு வீடியோ வருகிறது. அவன் போன் அணைந்திருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் எடுப்பது பொட்டில்லாத ஒரு பெண். அதையும் வளைகாப்பு நாளில், டிவியில், ஊரே பார்த்திருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

"நான் பார்த்தேனே பாய்" என்றார் பூவம்மா. "நல்லாத்தானே இருக்குன்னு பார்த்துத்தானே அனுப்பினேன். எனக்கு வித்தியாசமாவே தெரியலையே." சொல்லிவிட்டு முக்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். கடையில் அவர் உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போனில் திலீப் கத்திக்கொண்டே இருந்தான். பூவம்மா கேமராவைத் தன் முகத்திலிருந்து திருப்பி, தெருப்பக்கம் காட்டியபடி பேசினார். "தம்பி, அவன் உயிரோட இருக்கான்ப்பா. நல்லா இருக்கான். இப்பத்தான் இங்கேருந்து போனான். பொட்டு போனது மெஷினு பண்ண வேலை."

"மெஷினுக்கு எப்படிங்க தெரியும், பொட்டையும் தாலியையும் பார்த்துப் பார்த்து எடுக்கணும்னு?"

சின்னதாக இருப்பதையெல்லாம் அது விட்டுவிடும் என்றால், அவர்கள் வீட்டில் அதுவா சின்னது? திலீப் கூட்டத்தைவிட்டுத் தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்காவுக்கு இது ஒன்பதாம் மாசங்க. அந்த வீடியோவப் பார்த்ததுலருந்து மூலையில உட்கார்ந்துட்டா. அழவும் இல்ல. தண்ணி குடுத்தா குடிக்க மாட்டேங்கறா. வயிறு கல்லாட்டம் இறுகிக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கார் வந்து நிக்குது, ஏற மாட்டேங்கறா. அவர் மூஞ்சியக் காட்டுங்க, அப்பத்தான் எந்திரிப்பேங்கறா."

பூவம்மா எழுந்துவிட்டார். "நான் போய்க் கூட்டிட்டு வரேன் பாய்."

"முட்டிய வெச்சுக்கிட்டு எங்க போறீங்க? நான் போறேன்" என்றேன்.

"உங்களுக்கு அவன் மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. போன் ஞாபகம் இருந்தது, என்ன பேட்டரி என்று ஞாபகம் இருந்தது, முகம் இல்லை. நான் போன்களை மட்டுமே பார்க்கிறவன். பூவம்மா குடையைக் கூட எடுக்காமல் வெயிலில் இறங்கிப் போனார்.

என்னிடம் கடைப் போன். அந்த வீட்டாருக்குச் சமாதானம் சொல்கிற பொறுப்பும் என் தலையில். நான் பெரிய புத்திசாலி இல்லையா, ஓர் ஆதாரம் காட்டுவோம் என்று மேசைப் பக்கம் கேமராவைத் திருப்பினேன். "இதோ பாருங்க தம்பி, உங்க மாமா போனு. பேட்டரி மாத்தத்தான் பிரிச்சு வெச்சிருக்கேன். அதான் ஆஃப்." மூடி ஒரு பக்கம், திரை ஒரு பக்கம், உப்பிய பேட்டரி ஒரு பக்கம். அந்தக் கிழவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, போனே சிதறிக் கெடக்குதே!" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். சட்டென்று கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். வரிசையில் நின்றிருந்த தம்பிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவனும் தன் வேலையைக் கேட்கவில்லை, ஒருவனும் போகவுமில்லை.

பூவம்மா தேடிய கதையை அவரே பிறகு சொன்னார். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்தடி, நடைபாதை ஓரம், அட்டை விரித்து, பையைத் தலைக்கு வைத்து, வெயிலுக்கு முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு. "கோவிந்தராசு! பெரம்பலூர் கோவிந்தராசு!" என்று கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறார். ராத்திரி வேலை பார்த்து வந்தவன் எங்கே எழுந்திருப்பான்? அப்புறம் ஒவ்வொருவராகக் குனிந்து முகத்துத் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். சிலர் திட்டினார்களாம். சிலர் விழிக்கவே இல்லையாம். "தூங்கறப்ப எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மாதிரிதான் இருக்காங்க பாய். ஒவ்வொரு துணியையும் பயந்து பயந்துதான் விலக்கினேன். அந்தம்மா சொன்னது நெசமாயிருமோன்னு" என்றார்.

கடைசியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அவன் கிடந்தான். துணியை விலக்கியதும், வேலைக்கு எழுப்புகிறார்கள் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே, "லாரி வந்துருச்சா?" என்று கேட்டானாம். பூவம்மா அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, "இருக்கியேடா, பாவி" என்று அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். முட்டி மடங்கிக்கொண்டதில் அவரால் எழ முடியவில்லை. விஷயத்தைக் கேட்டு அவன்தான் அவரைத் தூக்கி நிறுத்தி, பாதி தாங்கிக்கொண்டு கடைக்கு ஓட்டமாய்க் கூட்டிவந்தான்.

வந்தாயிற்று, முகத்தைக் காட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பூவம்மாவும் அப்படித்தான் நினைத்தார். "சிரிச்ச மூஞ்சியாக் காட்டுப்பா, புள்ளத்தாச்சி பயந்து கெடக்கா" என்று சொல்லிப் போனை அவன் முன்னால் பிடித்தார். அவனும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, காலையில் சொல்லிக்கொடுத்த மாதிரியே பல் தெரியச் சிரித்தான். "திவ்யா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றான்.

அந்தப் பக்கம் திலீப் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். சிக்னல் இழுத்தது. இவன் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். சிரிப்பு நின்று நின்று வந்தது. திவ்யா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தப் படத்துலயும் இப்படித்தான சிரிச்சாரு" என்றாள். குரலில் உயிரே இல்லை. "இதுவும் அந்தக் கடையில செஞ்சதுதான். என்னை ஏமாத்தாதீங்க. நடந்ததச் சொல்லுங்க."

கோவிந்தராசு பதறிவிட்டான். "நான்தான் திவ்யா! சத்தியமா நான்தான்!" என்று இன்னும் அகலமாகச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க அவள் பின்னால் ஒதுங்கினாள். அவன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான், அதை நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. வாரா வாரம் செத்த போனில் ஆட்களைச் சிரிக்க வைத்து அனுப்பிய கடை எங்களுடையது. எங்களை யார் நம்புவார்கள்?

பூவம்மாதான் முதலில் சுதாரித்தார். தன் முகம் தெரியாமல் போனுக்குப் பின்னால் நின்றுகொண்டே பேசினார். "அம்மாடி, நான் சொல்றதக் கேளு. அந்த மெஷினுக்கு நாலு செகண்ட்டுக்கு மேல வராது. அவ்வளவுதான் அதுக்குத் தெம்பு. நீ கட் பண்ணாம பார்த்துக்கிட்டே இரு. தம்பி, நீ சிரிக்காத. பேசாத. ஒண்ணும் பண்ணாம சும்மா உட்காரு."

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். பூவம்மா போனைக் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்த்து வைத்தார். முதலில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறவன் மாதிரி விறைப்பாக இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோள் இறங்கியது. கழுத்தைச் சொறிந்தான். விசிறிக் காற்று முகத்தில் பட்டதும் ஒரு கொட்டாவி வந்தது. புறங்கையால் மூடினான், அடக்க முடியாமல் இன்னொன்று வந்தது. கண்ணை இறுக்கித் திறந்தான். தலை தொங்கியது. திடுக்கிட்டு நிமிர்ந்தான். மறுபடி தொங்கியது.

போனில் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, அவருதாம்மா! தூங்கறாரும்மா! அவரேதாம்மா!" என்றாள் திவ்யா. "வாரா வாரம் இப்படித்தான். நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவரு தூங்கிருவாரு. எத்தனை சண்டை போட்டிருக்கேன்..." அதற்குமேல் பேச முடியாமல் ஓவென்று அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. கூடவே எல்லாரும் அழுதார்கள். யாரோ தண்ணீர் கொடுக்க, வாங்கிக் குடித்தாள். வயிறு இளகுது என்று ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. வந்து நின்ற காரில் ஏற்றப் பார்த்தார்கள். வளையலைப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். பன்னிரண்டுக்கு எமகண்டம் என்று அந்தக் கிழவி எல்லாரையும் விரட்டத் தொடங்கினார். தாம்பாளம் வந்தது.

கோவிந்தராசுக்கு இதெல்லாம் பாதிதான் தெரியும். அவளைப் பார்த்துத் தலையாட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், கண்ணாடிப் பெட்டியில் தலையைச் சாய்த்தான், தூங்கிவிட்டான். எழுப்பலாமா என்று நான் கையை நீட்டினேன். "வேணாம் பாய், அப்படியே இருக்கட்டும். கட் பண்ணிராதீங்க" என்று போனுக்குள்ளிருந்து அவளே தடுத்தாள். அங்கே போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து, தூங்குகிற புருஷனைப் பார்த்தபடி அவள் வளையல் போட்டுக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக வந்து சந்தனம் பூசி, வளையலை ஏற்றினார்கள். அந்தச் சத்தம் எங்கள் கடை முழுக்கக் கேட்டது. ஒரு போன் உறைகூட நான் விற்கவில்லை. எப்படி விற்பது? பெட்டிமேல் அவன் தலை இருந்தது. வரிசைத் தம்பிகள் வாசலில் அப்படியே நின்று பார்த்தார்கள்.

கார் கிளம்புகிற நேரத்தில் திவ்யா கூப்பிட்டாள். "அக்கா, போன் புடிச்சுக்கிட்டு இருந்தீங்களே, நீங்க எங்க? உங்க மூஞ்சியக் காட்டுங்க."

பூவம்மா ஓரமாக நின்று முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்மா. நல்ல நாளு. நீ பார்த்துப் போயிட்டு வா. உங்க பெரியவங்க சங்கடப்படுவாங்க."

"அவங்க இங்கதான் இருக்காங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. காட்டுங்கக்கா."

பூவம்மா நகரவில்லை. நான்தான் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வெயிலில் அலைந்து கறுத்த முகம், வியர்வையில் ஒட்டிய முடி, வெறும் நெற்றி. திவ்யா பார்த்தாள். பக்கத்தில் அந்தக் கிழவியும் எட்டிப் பார்த்தார், இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. பூவம்மாதான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன்னைப் படுத்தி எடுத்துட்டேன் தாயி. அந்தப் பாவம் எனக்கு வேணாம். மன்னிச்சிரு" என்றார்.

திவ்யா முழங்கை வரை வளையல் அடுக்கிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வளைகாப்புக்கு வந்தவங்களுக்கு வளையல் குடுக்கணுங்க்கா. அவரு ஊருக்கு வந்துட்டுத் திரும்பும்போது குடுத்து விடறேன். உங்க கை அளவு என்ன? ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?"

எதைக் கேட்டாலும் வெட்டு வெட்டென்று பதில் சொல்கிற பூவம்மா என்னைப் பார்த்தார். அவர் இடக்கையால் தன் வளையல் இல்லாத வலது மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தார். விரலை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி அளந்து பார்த்தார்.

"முன்னாடி ரெண்டு நாலும்மா" என்றார். "இப்பத் தெரியலையே."